வெட்டி ஒட்டிய உருவம் பின்னணியோடு சேரவில்லையா? அறிகுறியைக் கொண்டு பிழையைக் கண்டறியும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்து ஸ்டுடியோக்களுக்கு வரும் வேலைகளில், அங்கே இல்லாத ஒருவரைப் படத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தித் தரும் வேலைக்குத் தனி இடம் உண்டு. வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் மகனுக்குத் தங்கையின் திருமணத்துக்கு விடுப்பு கிடைத்திருக்காது. மறைந்த தந்தை குடும்பப் படத்தில் இருந்தாக வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவார்கள். வீட்டின் முன்னறையில் மாட்டி ஆண்டுக்கணக்கில் பார்க்கப்போகும் படம் என்பதால், அதில் ஒட்டு தெரிந்தால் அந்த வீட்டாருக்கு உண்டாகும் மனக்குறை சிறியதல்ல.

ஒட்டு தெரிகிறது என்று யாராவது சொன்னதும் பலர் உடனே உருவத்தின் விளிம்பைத் தேய்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் கண்ணை உறுத்துவது பெரும்பாலும் விளிம்பு அல்ல. உருவம் நிற்கும் உயரமோ, காலடி நிழலோ, வெளிச்சம் வரும் திசையோ தவறாக இருக்கும்போது, எவ்வளவு நுட்பமாக வெட்டியிருந்தாலும் படம் நம்பும்படி அமையாது; அவை மூன்றும் சரியாக இருந்தால் விளிம்பில் உள்ள சிறு குறைகளைப் பார்ப்பவர் கவனிப்பதே இல்லை. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளை அதே வரிசையில் சோதிப்பது நல்லது. கருவிகளுக்குப் போட்டோஷாப்பில் உள்ள பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப்பிலும் இவற்றுள் பெரும்பாலானவற்றைச் செய்ய முடியும்.

அறிகுறி: உருவம் அளவுக்கு மீறிப் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிகிறது

கண்ணால் மதிப்பிட்டு உருவத்தை இழுத்துச் சுருக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. கடற்கரையில் எடுத்த பின்னணியாக இருந்தால் கணக்கு படத்துக்குள்ளேயே இருக்கிறது. கடலும் வானும் சேரும் தொடுவானக் கோடு, படம் எடுத்த கேமராவின் உயரத்தைக் காட்டுகிறது. கேமரா தரையிலிருந்து 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்திருந்தால், அதே சமதரையில் நிற்கும் ஒவ்வொருவரையும், அவர் அருகில் நின்றாலும் தொலைவில் நின்றாலும், தொடுவானம் 150 சென்டிமீட்டர் உயரத்தில்தான் வெட்டிச் செல்லும். 170 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு அந்தக் கோடு தாடை அருகே வரும். 120 சென்டிமீட்டர் உயரமுள்ள சிறுமியின் தலை முழுவதுமாகக் கோட்டுக்குக் கீழே இருக்கும்.

இதை வைத்து உருவத்தின் அளவைத் துல்லியமாகக் கணக்கிடலாம். உருவத்தின் பாதம் பதியப்போகும் இடத்திலிருந்து தொடுவானம் வரை உள்ள செங்குத்துத் தொலைவை ரூலர் கருவியால் அளந்துகொள்ளுங்கள். அது 1500 பிக்சல் என்றும், கேமரா உயரம் 150 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், அந்த இடத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 10 பிக்சல். 165 சென்டிமீட்டர் உயரமுள்ள அம்மாவை அங்கே நிறுத்த 1650 பிக்சல் வேண்டும். கேமரா உயரம் தெரியாவிட்டால், பின்னணியில் நிற்கும் பெரியவர் ஒருவரைத் தொடுவானம் எங்கே வெட்டுகிறது என்று பார்த்தாலே போதும். படிக்கட்டில் ஏறி நின்று எடுத்த படமாக இருந்தால் எல்லோருடைய தலைக்கும் மேலே தொடுவானம் போய்விடும்; அங்கே பழக்கத்தை நம்பித் தாடையருகே கோட்டை வைத்தால், உருவம் கூட்டத்துக்கு நடுவே பூதம்போல் எழுந்து நிற்கும்.

அளவு சரியான பிறகும் உறுத்தினால், உருவத்தை எந்த உயரத்திலிருந்து எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். இடுப்பு பெல்ட் நேர்கோடாகத் தெரிந்தால் கேமரா இடுப்பு மட்டத்தில் இருந்திருக்கிறது. பெல்ட் நடுவில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அதற்கு மேலே இருந்திருக்கிறது. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம் கொண்டது. அதன் மேலிருந்து கீழே ஆற்றங்கரையை நோக்கி எடுத்த படத்தில் ஸ்டுடியோவில் நேராக எடுத்த உருவத்தைப் பொருத்தவே முடியாது. அத்தகைய பின்னணியை விட்டுவிடுவதுதான் சரி. வேறுபாடு சிறியதாக இருந்தால், முழங்காலுக்கு மேலே கட் செய்து படத்தின் கீழ் விளிம்பில் உருவத்தை நிறுத்துவது உதவும்.

அறிகுறி: கால் தரையில் பதியாமல் மிதக்கிறது

இந்தக் குறைக்கு இரண்டு நிழல்கள் வேண்டும்; பலர் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதலாவது, பாதமும் தரையும் தொடும் இடத்தில் விழும் மெல்லிய, அடர்ந்த தொடுநிழல். வானம் முழுவதும் மூடிக்கிடக்கும் மழைநாளிலும் இது இருக்கும். செருப்பின் அடியில், பெருவிரலுக்கும் தரைக்கும் இடையே, சேலைக் கரை தரையைத் தொடும் இடத்தில், சிறிய பிரஷ்ஷால் தனி லேயரில் (படத்தின் மேல் விரிக்கும் தனி அடுக்கில்) இதை வரைய வேண்டும். விரல்களுக்கிடையே உள்ள சந்துகளை மறந்துவிடக் கூடாது. வெறுங்காலுடன் நிற்கும் உருவம் மிதப்பதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

இரண்டாவது, வெயிலில் உருவம் தரைமேல் வீழ்த்தும் நீண்ட நிழல். உருவத்தின் லேயரைப் பிரதி எடுத்து, அதைக் கறுப்பால் நிரப்பி, பாதம் அசையாதபடி டிஸ்டார்ட் கருவியால் தரைமேல் சாய்ப்பது வழக்கமான முறை. திசையையும் நீளத்தையும் பின்னணியில் ஏற்கெனவே உள்ள நிழல்களிலிருந்து எடுக்க வேண்டும்: விளக்குக் கம்பம் ஒன்றின் உச்சியையும் அதன் நிழலின் நுனியையும் இணைத்துக் கோடு வரைந்து பாருங்கள். சூரியன் 45 பாகையில் இருந்தால் நிழல் ஆள் உயரத்துக்குச் சமம். 30 பாகைக்கு இறங்கினால் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. நிழல் விழும் வழியில் சுவரோ படியோ குறுக்கிட்டால், நிழல் அங்கே மடிந்து மேலேற வேண்டும்.

நிழலின் நிறத்தில்தான் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கறுப்பு லேயரை மல்டிப்ளையில் (கீழே உள்ளதை இருட்டாக்கும் கலப்பு முறையில்) வைத்து ஒப்பாசிட்டியை, அதாவது லேயரின் அடர்த்தியைக் குறைத்தால் சாம்பல் பூசியதுபோன்ற நிழலே கிடைக்கும். வெயில் மறைந்த இடத்துக்கும் நீல வானத்தின் ஒளி வந்துகொண்டிருப்பதால் வெளிப்புற நிழலில் நீலம் கூடுதலாக இருக்கும். அதனால் கறுப்புக்குப் பதிலாக, வெளிச்சத்தையும் நிறத்தையும் திருத்தும் கர்வ்ஸ் அட்ஜஸ்ட்மென்ட் லேயரையே நிழலாகப் பயன்படுத்துவதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். வெயில் பட்ட மணலில், நிறத்தை அளக்கும் ஐட்ராப்பரை வைத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாகச் சிவப்பு 210, பச்சை 190, நீலம் 160. அருகில் தென்னை நிழல் விழுந்த மணலில் 90, 92, 95 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். கர்வ்ஸில் ஒவ்வொரு நிறச் சேனலிலும் முதல் அளவை இரண்டாம் அளவுக்கு இறக்கிவிட்டு, அதன் மாஸ்க்கை (லேயரின் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்று காட்டும் மறைப்பை) நிழலின் வடிவத்துக்கு வெட்டினால், மணலின் சொரசொரப்பும் நிறமும் அப்படியே இருக்க, உண்மையான நிழல் அங்கே விழுந்துவிடும்.

விளிம்பின் மங்கலும் ஒரே அளவில் இருக்கக் கூடாது. சூரியன் வானில் ஏறக்குறைய அரைப் பாகை அகலம் கொண்ட வட்டம் என்பதால், நிழலை வீழ்த்தும் பொருளிலிருந்து 3 மீட்டர் தள்ளி விழும் விளிம்பு ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் அகலத்துக்காவது மங்கிவிடும். பாதத்தருகே கூர்மையாகவும் தலையின் நிழலில் மங்கலாகவும் இருக்கும்படி, மாஸ்க்கின் மேல் காஸியன் பிளரைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போங்கள்.

குடும்பப் படமாக இருந்தால் இவ்வளவு உழைப்பும் இல்லாமல் தப்பிக்க வழி இருக்கிறது: மகனைப் பின்வரிசையில், அமர்ந்திருப்பவர்களின் நாற்காலிகளுக்குப் பின்னால் நிறுத்திவிட்டால் பாதமே தெரியாது. அங்கே தோளும் தோளும் உரசும் இடத்தில் ஒரு மென்மையான கருமையை மட்டும் சேர்த்தால் போதுமானது.

அறிகுறி: உருவத்தின்மேல் விழும் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து வருகிறது

மூக்கின் நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்பதை உருவத்திலும், கம்பத்தின் நிழல் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பின்னணியிலும் பாருங்கள். இரண்டும் எதிரெதிராக இருந்தால், உருவத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவலம் மாற்றுவது எளிய தீர்வு. ஆனால் மாற்றிய பிறகு உடையைக் கவனியுங்கள். இடத்தோளில் கிடந்த முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். சட்டைப் பை வலமார்புக்கு மாறும். வகிடும் மச்சமும் பக்கம் மாறும். பார்ப்பவருக்குக் காரணம் புரியாவிட்டாலும் பெற்ற தாய்க்கு அது தன் பிள்ளையின் முகமாகத் தோன்றாது. ஆகவே முகம் தெளிவாகத் தெரியும் படங்களில் இடவலம் மாற்றுவதை நான் ஏற்பதில்லை. பின்னணியில் எழுத்துகளும் அடையாளமான கட்டடங்களும் இல்லையென்றால் பின்னணியை மாற்றலாம்.

நம் ஊர்ச் சூரியனைப் பற்றிய ஒரு தகவலை இங்கே சொல்லியாக வேண்டும். நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும் என்று வட நாடுகளுக்காக எழுதிய வழிகாட்டிகள் சொல்வது கன்னியாகுமரிக்கு ஆண்டு முழுவதும் பொருந்தாது. முனை வடக்கு 8 பாகை அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே நிற்கிறது. ஜூனில் வடக்கே சாய்ந்து நிழலைத் தெற்கே, அதாவது கடலை நோக்கி வீழ்த்துகிறது. டிசம்பரில் தெற்கே ஏறக்குறைய 58 பாகையில் நின்று ஆள் உயரத்தில் பத்தில் ஆறு பங்கு நீள நிழலை வடக்கே விழச் செய்கிறது. பின்னணி எந்த மாதத்தில் எடுத்தது என்று தெரிந்தால் நிழல் விழ வேண்டிய திசையை இதிலிருந்தே ஊகித்துவிடலாம்.

விவேகானந்தர் பாறையைக் கரையிலிருந்து காலையில் எடுத்த படங்களில் சூரியன் பாறைப் பக்கம் இருப்பதால், முன்னால் நிற்கும் எவருடைய முகமும் நிழலில்தான் இருக்கும். அந்தப் பின்னணியில் ஸ்டுடியோ ஃபிளாஷ் முகத்தில் நேராக விழுந்த உருவத்தை வைத்தால் அது எந்த வகையிலும் சேராது. முகத்தை ஓரளவுக்கு இருட்டாக்கி, தலைமுடியின் மேலும் தோள்களின் ஓரத்திலும் மெல்லிய பொன்னிற ஒளிக்கோட்டைக் கிளிப்பிங் மாஸ்க் போட்ட (உருவத்துக்குள் மட்டும் தெரியும்) லேயரில் வரைய வேண்டும். பின்னணியின் வெளிச்சம் உருவத்தின் ஓரத்தில் சற்றே கசிந்து ஏறியதுபோல் செய்வதும் உதவும்: பின்னணியை நன்றாக மங்கலாக்கிய பிரதியை உருவத்துக்குள் கிளிப் செய்து, வெளிச்சத்தைக் கூட்டும் ஸ்கிரீன் முறையில் வைத்து, ஓரத்தில் மட்டும் தெரியும்படி மாஸ்க் செய்யுங்கள். மாலையில் எடுத்த பாறைப் படம் கிடைத்தால் முன்பக்க வெளிச்சம் கொண்ட உருவத்துக்கு அதுவே பொருத்தம். பொருந்தாத பின்னணியோடு மல்லுக்கட்டுவதைவிட வேறு பின்னணியைத் தேடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெளிச்சம் மென்மையா கடுமையா என்பதும் சேர வேண்டும். மூடிய வானத்தில் எடுத்த பின்னணிகள் ஒட்டு வேலைக்கு மிகவும் ஏற்றவை. வெயிலில் எடுத்த பின்னணியில் மென்மையான உருவம் வந்தால், 50 விழுக்காட்டுச் சாம்பல் நிரப்பிய லேயரை ஓவர்லேயில் வைத்து, அதன்மேல் டாட்ஜ், பர்ன் கருவிகளால் வெயில் பக்கத்தை ஏற்றியும் மறுபக்கத்தை இறக்கியும் செதுக்கலாம்.

அறிகுறி: முகம் மட்டும் பிதுங்கினாற்போல் தெரிகிறது

அது செல்ஃபி. கை நீட்டிய தூரத்திலிருந்து எடுத்த முகத்தில் மூக்கு பெருத்தும் காதுகள் பின்வாங்கியும் இருக்கும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி எடுத்த குடும்பப் படத்தில் அப்படி இருக்காது. இந்த வேறுபாடு படம் எடுத்த தூரத்தால் வருவதால், மென்பொருளால் முழுமையாகத் திருத்த முடியாது. வெளிநாட்டில் இருப்பவரிடம் புதிய படம் கேட்பதே நல்லது. நண்பர் ஒருவரை மூன்று மீட்டர் தள்ளி நின்று, போனை மார்பு உயரத்தில் பிடித்து, இரண்டு மடங்கு ஜூமில், குடும்பப் படத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமோ அதே பக்கம் வெளிச்சம் வரும்படி எடுக்கச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் சுருங்கிவிடும்; டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருந்தும் ஊர்க்காரர் உடனே கண்டுபிடித்துவிடுகிறார்

பத்மநாபபுரம் அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைகிறோம். அந்தக் கறுத்த பளபளப்பான தரையில் ஷூ அணிந்த மாப்பிள்ளை நின்றால் இங்குள்ள எவரும் நம்ப மாட்டார்கள். அத்தரையில் நிழலைவிடப் பிரதிபலிப்பே முக்கியம்: உருவத்தைத் தலைகீழாகப் புரட்டிப் பாதத்தோடு பாதம் பொருத்தி, கீழே போகப்போக மங்கலாக்குங்கள். அதேபோல, விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. 2025-க்குப் பிந்தைய திருமணப் படத்தில் பாலமே இல்லாத பழைய பின்னணி இருந்தால், உருவத்தை எவ்வளவு அழகாகச் சேர்த்திருந்தாலும் பொய் வெளிப்பட்டுவிடும்.

அறிகுறி: நிறம் ஒட்டவில்லை

முதலில் படத்தின் மேல் ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயரை வைத்து, நிறம் இல்லாமல் பாருங்கள். அப்போதும் உருவம் தனித்து நின்றால் குறை நிறத்தில் இல்லை, வெளிச்ச அளவில் இருக்கிறது. லெவல்ஸில் உருவத்தின் மிகக் கருமையான இடத்தைப் பின்னணியில் அதே தொலைவில் உள்ள கருமைக்கும், மிக வெளுத்த இடத்தை அங்குள்ள வெண்மைக்கும் சேர்த்துவிட்டு, பிறகு இடைநிலைக்கு வாருங்கள். முட்டம் போன்ற கடற்கரைகளில் காற்றின் ஈரத்தால் தொலைவில் உள்ள பாறைகளின் கருமை வெளிறிவிடும். உருவத்தைச் சற்றுத் தொலைவில் நிறுத்துவதானால் அதன் தலைமுடியும் அதே அளவுக்கு வெளிற வேண்டும்.

வெளிச்ச அளவு சேர்ந்த பின் சிவப்பு, பச்சை, நீலச் சேனல்களில் இதையே செய்யுங்கள். குடும்பப் படத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவருடைய வேட்டியின் வெயில் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் அளவுகோலாக வைத்து, உருவத்தின் வெள்ளைச் சட்டையை அவற்றுக்குக் கொண்டுவரலாம். தோல் நிறத்துக்கு, அருகில் நிற்கும் அண்ணன் தம்பியின் கன்னத்தைவிட நல்ல சான்று இல்லை. பட்டுச்சேலையின் நிறத்தை மட்டும் மாற்றிவிடாதீர்கள். கல்யாணப் பெண் தன் சேலையின் நிறத்தைத் துல்லியமாக அறிவாள். அங்கே உருவத்தைப் பாதியும் பின்னணியைப் பாதியும் நகர்த்தி நடுவில் சந்திக்க வையுங்கள்.

அறிகுறி: விளிம்பில் வெள்ளைக் கோடு, தலைமுடி கத்தரித்ததுபோல்

செலக்ட் அண்ட் மாஸ்க்கில் விளிம்பைச் சற்று உள்ளிழுத்து, விளிம்பில் ஒட்டிய பழைய நிறத்தை நீக்கும் டிகன்டாமினேட் கலர்ஸைத் தேர்ந்தெடுத்தால் உடைப் பகுதி பெரும்பாலும் சரியாகிவிடும். வெள்ளைத் திரைக்கு முன் எடுத்த கறுத்த தலைமுடிக்கு, வெட்டாத மூலப் படத்தின் பிரதியை உருவத்துக்கு அடியில் மல்டிப்ளையில் வைத்து, முடி பறக்கும் பகுதி மட்டும் தெரியும்படி மாஸ்க் செய்யுங்கள். வெள்ளை மறைந்து முடியிழைகள் தாமாகவே நிற்கும். பின்னணி வெளிச்சமாக இருக்கும் இடங்களில்தான் இது பலிக்கும்.

பூ வைத்த தலை என்றால் இம்முறையை அப்படியே பயன்படுத்தக் கூடாது. மல்டிப்ளை வெண்மையை விழுங்கிவிடும் என்பதால் பிச்சிப்பூச் சரமும் அதோடு காணாமல் போகும். தானியங்கித் தேர்வும் வெள்ளைத் திரையையும் வெள்ளைப் பூவையும் ஒன்றாகவே எண்ணிப் பாதி மொட்டுகளைத் தின்றுவிடும். சரத்தைப் பென் கருவியால் மொட்டு மொட்டாகச் சுற்றிவந்து தனி மாஸ்க்காக வெட்டி, முடிக்கு மேலே தனி லேயரில் வைக்க வேண்டும். பொறுமையைக் கேட்கும் வேலைதான்; தோவாளைப் பூச்சந்தை இருக்கும் மாவட்டத்தில் மணப்பெண் தலையில் பூவைக் குறைத்துத் தர யாருக்கும் மனம் வராது.

அறிகுறி: உருவம் பின்னணியைவிடக் கூர்மையாக, அல்லது மங்கலாக இருக்கிறது

100 விழுக்காட்டு அளவில் நீலச் சேனலை மட்டும் பாருங்கள். நாய்ஸ் எனப்படும் புள்ளித் துகள்கள் அங்கேதான் அதிகம் தெரியும். சுத்தமான பக்கத்துக்கு நாய்ஸைச் சேர்ப்பது எளிது, மற்றதிலிருந்து அதை நீக்குவது கடினம். எனவே அளவு, நிறம் எல்லாம் முடிந்தபின் கடைசியாக நாய்ஸைச் சேருங்கள்.

மறைந்த தந்தையின் பழைய பாஸ்போர்ட் அளவுப் படத்தை இன்றைய கேமராப் படத்துக்குள் கொண்டுவருவதுதான் இதில் மிகக் கடினமானது. 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, பெரிதாக்காமல் பின்வரிசையில் வையுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள், மூலப் படத்தில் இல்லாத கூர்மையைக் கண்ணிலும் உதட்டிலும் தாமாகவே இட்டு நிரப்பி, பார்க்க அழகான ஆனால் வேறொருவருடைய முகத்தைத் தந்துவிடும். அந்த முகத்தைப் பிள்ளைகளிடம் கொடுப்பது முறையாகாது. முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, எல்லோர்மேலும் ஒரே அளவு நாய்ஸைச் சேர்ப்பதே என் கருத்தில் நேர்மையான தீர்வு; நிற வேறுபாடும் கூர்மை வேறுபாடும் அதில் பெருமளவு அடங்கிவிடும்.

12க்கு 18 அங்குலத்தில் பிரிண்ட் போடுவதானால் 300 டிபிஐ-க்கு 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். திரையில் தெரிந்த நிழல்கள் காகிதத்தில் அடைத்துக் கறுத்துவிடுவது உண்டு என்பதால், முழுப் படத்தையும் லேமினேஷனுக்குக் கொடுப்பதற்கு முன், பாதப் பகுதியையும் தலைமுடிப் பகுதியையும் மட்டும் அதே அளவில் வெட்டி, 4க்கு 6 அங்குலக் காகிதத்தில் சோதனைப் பிரதி எடுத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.